ஞாயிறு வேலைநாளாக இருந்த 11 ஆண்டுகள்

தென்முனைத் திருச்சபைகள் – 6

ஒரு லுத்தரன் சபையின் செய்தித்தாளைப் பிரித்தால் முதல் பக்கத்தில் ஆயரின் மடல் இருக்கும். உள்ளே ஞானஸ்நானம், திருமணம், அடக்க ஆராதனைச் செய்திகள், அறுப்பின் பண்டிகை ஏற்பாடுகள், பெண்கள் சங்கத்துக் கூட்ட விவரம். கடைசிப் பக்கத்து மூலையில் ஒரு சிறு கட்டம்: ஆராதனை நேரம், ஓய்வுநாள் பள்ளி நேரம், அந்த வாரத்து வேதபாடங்கள். பெரும்பாலான ஊர்களில் அந்தக் கட்டத்தை யாரும் நின்று படிப்பதில்லை. மலேசியாவின் ஜொகூர் மாநிலத் தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கோ 2014 தொடங்கி 2024 முடியும் வரை முதலில் தேட வேண்டிய செய்தியே அதுதான்.

2013 நவம்பரில் ஜொகூர் சுல்தான் இப்ராகிம் ஓர் அறிவிப்பை வெளியிட்டார். 2014 ஜனவரி 1 முதல் ஜொகூரில் வார ஓய்வு வெள்ளியும் சனியும். அரசு அலுவலகங்களும் பள்ளிகளும் ஞாயிறன்று திறந்தன. தனியார் நிறுவனங்கள் தங்கள் வசதிப்படி நாளைத் தேர்ந்துகொள்ளலாம் என்றார்கள். சிங்கப்பூரோடு கணக்கு வழக்கு வைத்திருந்தவை பலவும் சனி, ஞாயிறையே வைத்துக்கொண்டன. வயதில் மூத்தவர்களுக்கு இது புதிதல்ல. 1994 வரை இந்த மாநிலத்தில் வெள்ளிதான் ஓய்வு நாள். அதற்குப் பிறகு வளர்ந்த தலைமுறைக்குத்தான் அடி பலமாக விழுந்தது.

ஒரு குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். தகப்பனார் சிங்கப்பூரில் வேலை செய்கிறார். அவருக்குச் சனியும் ஞாயிறும் ஓய்வு. தாயார் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. அவருக்கு வெள்ளியும் சனியும். பிள்ளைகளுக்கும் அப்படியே. ஞாயிறு காலை ஆலய மணி அடிக்கும்போது பிள்ளைகள் வகுப்பில் இருக்கிறார்கள், தாயார் கரும்பலகைக்கு முன்னால் நிற்கிறார், தகப்பனார் மட்டும் வீட்டில். நால்வரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து ஆராதிக்கச் சனிக்கிழமை ஒன்றே மிச்சம். தகப்பனாருக்கு ஷிப்ட் வேலை என்றால் அதுவும் இல்லை.

ஆயர்கள் முன்னால் இருந்த வழிகளும் எளிதானவையல்ல. ஆராதனையை ஞாயிறு மாலைக்குத் தள்ளினால் பள்ளி முடிந்து களைத்து வரும் பிள்ளைகள் தூங்கிவிழுவார்கள். வெள்ளிக்கு மாற்றினால் சிங்கப்பூர் வேலைக்காரர்கள் விடுபட்டுப்போவார்கள். இரண்டு நாளும் வைத்தால் ஒரே ஆயர், ஒரே ஆர்கன் வாசிப்பவர், ஒரே பாடகர் குழு இரட்டைப் பாரம் சுமக்க வேண்டும். சபையும் இரண்டாகப் பிரிந்துவிடும்.

இந்த நெருக்கடியில் லுத்தரன் சபைக்குத் தன் பாரம்பரியத்திலேயே ஒரு பற்றுக்கோடு இருந்தது. 1529-ல் வெளிவந்த பெரிய ஞானோபதேசத்தில் ஓய்வுநாள் கற்பனையை விளக்கும்போது மார்ட்டின் லுத்தர் எந்த நாளும் இன்னொரு நாளைவிடப் பரிசுத்தமானது அல்ல என்கிறார். வாரமெல்லாம் உழைக்கும் வேலைக்காரரும் வேலைக்காரிகளும் உடல் ஆறவும், கூடிவந்து தேவவசனம் கேட்கவும் ஒரு நாள் வேண்டும். வழிவழியாக ஞாயிறு அதற்கென அமைந்திருப்பதால், ஒழுங்கு குலையாதபடி அதையே வைத்துக்கொள்ளலாம் என்பது அவர் நிலை. 1530-ன் ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கையும் அதே வழியில்தான் பேசுகிறது. நாளைக் காப்பதைவிட உழைப்பாளி வந்து சேர வழிசெய்வதே பெரிது என்று நான் இதைப் படிக்கிறேன். சனிக்கிழமை மாலை கூடுவதில் விசுவாசக் குறைவு எதுவும் இல்லை.

மலேசியத் தமிழ் லுத்தரன் சபையே உழைப்பாளிகளோடு கப்பலேறி வந்ததுதான். 1706 ஜூலை 9-ல் தரங்கம்பாடியில் கால்வைத்த சீகன்பால்குவும் புளூட்சோவும் விதைத்தது காவிரிக் கழிமுகத்து ஊர்களில் பரவியது. அந்த ஊர்களுக்குப் பக்கத்துத் துறைமுகம் நாகப்பட்டினம். கங்காணிகள் ஆள் சேர்த்து மலாயாவுக்கு அனுப்பியதும் அங்கிருந்துதான். ரப்பர்த் தோட்டத்துக்கும் ரயில்வேக்கும் போனவர்களில் லுத்தரன்களும் இருந்தார்கள். 1907-ல் கோலாலம்பூரில் அவர்களுக்கான பணி தொடங்கியது. ரயில்வே ஊழியர்கள் நிறைந்திருந்த பிரிக்பீல்ட்ஸில் சீயோன் ஆலயம் 1924-ல் எழுந்தது. ஜொகூரையும் சிங்கப்பூரையும் இணைக்கும் பாலம் முறைப்படி திறக்கப்பட்டதும் அதே ஆண்டில்தான். தரங்கம்பாடித் தாய்ச்சபையின் கிளையாக இருந்தது, 1960களின் தொடக்கத்தில் தனித் திருச்சபையானது. இன்று மலேசிய சுவிசேஷ லுத்தரன் திருச்சபை என்ற பெயரில் இயங்குகிறது. (நாட்டில் வேறு லுத்தரன் திருச்சபைகளும் உண்டு. அவற்றில் ஒன்று, அவசரகாலத்தில் புதுக்கிராமங்களில் குடியமர்த்தப்பட்ட சீனர்களிடையே அமெரிக்க லுத்தரன்கள் 1950களில் செய்த பணியால் உருவானது. அந்தக் கதை தனி.)

அந்த மக்கள் கையோடு கொண்டுவந்த செல்வம் ஞானப்பாட்டுப் புத்தகம். ஜெர்மானிய ராகங்களில் அமைந்த பாடல்களைத் தமிழாக்கியவர்களில் முதன்மையானவர் சென்னையில் பணிபுரிந்த பப்ரிசியுஸ். அதன் கூடவே தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் மரபில் வந்த கீர்த்தனைகள். ஆர்கனோடு ஒன்று, தாளத்தோடு ஒன்று. ஒரே ஆராதனையில் இரண்டும் ஒலிக்கும்.

இன்று அந்தப் புத்தகத்துக்கு வேறொரு சோதனை. தமிழ்ப்பள்ளிக்குப் போகாத பிள்ளைகள் தமிழில் பேசுவார்கள், பாடுவார்கள், ஆனால் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாது. அவர்களுக்காகப் பல தமிழ்ச் சபைகளில் பாடல் வரிகளை ரோமன் எழுத்தில் திரையில் காட்டுகிறார்கள். தமிழ் எழுத்தை விட்டுக்கொடுத்துவிட்டோம் என்று வருந்தும் பெரியவர்கள் உண்டு. அவர்கள் வருத்தம் நியாயமானது. ஆனாலும் வாயை மூடிக்கொண்டு நிற்கும் பிள்ளையைவிட, ரோமன் எழுத்தைப் பார்த்தாவது ஞானப்பாட்டை முழுக் குரலில் பாடும் பிள்ளை எனக்குப் பெரிது. ஓய்வுநாள் பள்ளியில் வாரம் பத்து நிமிடம் உயிரெழுத்தும் மெய்யெழுத்தும் சொல்லிக்கொடுத்தால் அந்தப் பிள்ளையே சில ஆண்டுகளில் வேதபாடம் வாசிக்க எழுந்துவரும். சிரம்பானிலுள்ள மலேசிய இறையியல் கல்லூரியில் தமிழிலும் படிக்க முடிகிற நாட்டில் இது நடவாத காரியமல்ல.

தோட்டங்கள் செம்பனைக்கு மாறியதும் வீட்டுமனைகளாகத் துண்டுபட்டதும் சபையாரின் இருப்பிடத்தையே மாற்றின. குளுவாங், கூலாய், லாயாங்-லாயாங் வட்டாரத்திலிருந்து பெயர்ந்தவர்கள் மாசாய், ஸ்கூடாய், பாசீர் கூடாங் என்று தொழிற்சாலைப் பக்கம் குடியேறினார்கள். தோட்டத்தில் விடியற்காலைப் பெரட்டுக்கு (வேலையாட்களைப் பெயர் கூப்பிடும் அணிவகுப்புக்கு) எழுந்தவர்களின் பேரப்பிள்ளைகள், அதே இருட்டில் மோட்டார் சைக்கிளில் பாலத்தைக் கடக்கிறார்கள்.

கொவிட் தொற்றால் 2020 மார்ச் 18-ல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது அந்தப் பாலம் மூடியது. சிங்கப்பூரிலேயே தங்கிவிட்டவர்களில் பலரால் வீடு திரும்ப முடியவில்லை. தடுப்பூசி போட்டவர்களுக்கான தரைவழிப் பயணம் 2021 நவம்பர் 29-ல் தொடங்கியது. பாலம் முழுமையாகத் திறந்தது 2022 ஏப்ரல் 1-ல். அந்தக் காலத்தில் ஆராதனை கைப்பேசிக்குள் வந்தது. தாயும் பிள்ளைகளும் இக்கரையில், தகப்பன் அக்கரையில். எல்லாரும் ஒரே நேரத்தில் ஒரே ஆயரின் பிரசங்கத்தைக் கேட்டார்கள். திருவிருந்து மட்டும் கைப்பேசிக்குள் அடங்கவில்லை. அப்பமும் ரசமும் கையில் வாங்காமல் மாதங்கள் கழிந்தது லுத்தரன்களுக்குப் பெரிய துயரம். திரையின் வழியே அதைப் பெறலாமா என்று உலகமெங்கும் லுத்தரன் சபைகள் விவாதித்தன. அச்சுத்தாளின் இடத்தை வாட்ஸ்அப் பிடித்துக்கொண்டதும் அப்போதுதான்.

2024 அக்டோபரில் மறு அறிவிப்பு வந்தது. 2025 ஜனவரி 1 முதல் ஜொகூரில் மீண்டும் சனி, ஞாயிறு ஓய்வு. ஓய்வுநாள் பள்ளி தன் பழைய இடத்துக்குத் திரும்பலாம், குடும்பங்கள் ஞாயிறு காலை ஒன்றாக வரலாம். பெரும் நிம்மதி. ஆனால் மாற்றத்தோடு ஒன்று கைநழுவியது. தீபகற்ப மலேசியாவில் பெரிய வெள்ளி பொது விடுமுறை இல்லை. சபாவிலும் சரவாக்கிலும்தான் உண்டு. அந்த 11 ஆண்டுகளும் ஜொகூரின் அரசு ஊழியர்களும் மாணவர்களும் விடுப்புக் கேட்காமலே பெரிய வெள்ளியன்று ஆலயத்தில் இருக்க முடிந்தது. உயிர்த்தெழுதல் ஞாயிறன்றுதான் வேலைக்குப் போக வேண்டியிருந்தது. 2025 ஏப்ரல் 18-ல் வந்த பெரிய வெள்ளி மீண்டும் வேலைநாள்.

ஆகவே சபைக் குழுக்களிடம் நான் வேண்டுவது இதுதான். பெரிய வெள்ளியின் மும்மணி நேர ஆராதனையை முதியவர்களுக்காக நண்பகலில் நடத்துங்கள். ஏழு திருமொழிகளை இரவு எட்டு மணிக்கு இன்னொரு முறை, வேலை முடிந்து வருபவர்களுக்காகத் தியானியுங்கள். சனிக்கிழமை மாலை ஆராதனை இருந்த இடங்களில் அதை மூடிவிடாதீர்கள். ஞாயிறன்று ஷிப்டுக்குப் போகிற தாதியும், காவலாளியும், பேருந்து ஓட்டுநரும் இன்னமும் நம் சபைகளில் இருக்கிறார்கள்.

(தொடரும்)