ஏறுபவருக்கு வழி

கோடைக்கானலை ஒட்டிய வட்டக்கானலிலிருந்து வெள்ளகவி கிராமத்துக்கு இறங்கும் பாதையில் தலைமுறை தலைமுறையாக மனிதக் கால்களும் குதிரைக் குளம்புகளும்தான் போக்குவரத்து. பெரியகுளம் பக்கமிருந்து கோடைக்கானலுக்கு ஏறிய பழைய வழிகளில் இதுவும் ஒன்று. இப்படிப்பட்ட மலைப்பாதையில் ஒருவர் சுமையோடு ஏறிவந்தால், வெறுங்கையோடு இறங்குபவர்தான் ஒதுங்கி நிற்பார். ஏற்றத்தில் ஒருமுறை நின்றுவிட்டால் மறுபடி கிளம்புவது எவ்வளவு பாடு என்று இருவருக்குமே தெரியும்.

மலைச்சாலைக்கான வாகன விதியும் இதையே சொல்கிறது: குறுகலான இடத்தில், இறங்கும் வண்டி ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும். முன்னால் மூச்சு வாங்க ஏறிக்கொண்டிருப்பது சைக்கிளாக இருந்தால் மட்டும் இந்தப் பொறுமை பலருக்கு இருப்பதில்லை.

கோடைக்கானல் ஏரிக்கரையில் இதைப் பார்க்கலாம். ஏரியைச் சுற்றியுள்ள சாலை ஏறக்குறைய 5 கிலோமீட்டர். வாடகை சைக்கிளில் சுற்றுபவர்களில் பலர் பள்ளி நாட்களுக்குப் பிறகு பெடலைத் தொடாதவர்கள். அதே சாலையில்தான் கார்களும் வருகின்றன. நெரிசல் முற்றி, உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் கோடைக்கானலுக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது. 2025 சீசனில் அந்த வண்டிகளுக்கு நாளொன்றுக்கு வார நாட்களில் 4,000, வார இறுதியில் 6,000 என்று நீதிமன்றம் வரம்பும் விதித்தது.

வண்டிகள் குறைந்தால் மட்டும் போதாது, ஓட்டும் விதமும் மாற வேண்டும். சைக்கிள் மெதுவாகப் போகும்போதுதான் அதிகம் ஆடும். ஹேண்டில்பாரை இடமும் வலமும் திருப்பித்தான் நிலைகொள்ள முடியும். முதுகுக்குப் பின்னால் ஹாரன் அலறினால் ஓட்டுபவர் திடுக்கிட்டுத் திரும்புவார், கையும் கூடவே திரும்பிவிடும். ஜெர்மனியில் 2020 முதல், சைக்கிளை முந்தும் கார் ஊருக்குள் ஒன்றரை மீட்டராவது விலக வேண்டும் என்பது சட்டம். நம் சாலையில் அவ்வளவு இடம் இல்லாத இடத்தில், பின்னாலேயே போவதுதான் சரி. ஒரு கணக்குப் பாருங்கள்: 30 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார், 10 கிலோமீட்டர் வேகத்தில் போகும் சைக்கிளின் பின்னால் 50 மீட்டர் தூரம் பொறுமையாக வந்தால் இழப்பது வெறும் 12 நொடி.

சைக்கிளை விடுமுறை விளையாட்டாக மட்டும் நினைப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். புதுக்கோட்டையில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தின் வழியே ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றார்கள். குவாரிக்கும் வயலுக்கும் அதில்தான் போனார்கள்.

சைக்கிள் ஓட்டுபவர்களுக்கும் கடமை உண்டு. சாலை ஓரத்தை ஒட்டியே போகக் கூடாது. ஜல்லியும் சாக்கடையும் அங்கேதான். நிறுத்திய கார்களிலிருந்து கதவு திறக்கும் அகலமாவது தள்ளிப் போக வேண்டும். காரில் இருப்பவரும் வலக் கதவை இடக் கையால் திறந்தால், உடல் தானாகத் திரும்பி, பின்னால் வருபவர் கண்ணில் படுவார். நெதர்லாந்தில் இதைச் சொல்லிக்கொடுக்கிறார்கள். வாடகை சைக்கிளை எடுக்கும்போதே இரண்டு பிரேக்கையும் அழுத்திப் பார்த்துவிட வேண்டும். மூடுபனி இறங்கிவிட்டால், விளக்கில்லாத சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருவதே நல்லது.