பொற்சுண்ணமும் பல்லியமும்

திருவாசகத்தை மேனாட்டுப் பல்லியத்தோடு சேர்த்து இளையராஜா அமைத்த இசைத்தொகுதி 2005ஆம் ஆண்டு வெளிவந்தது. ஹங்கேரி நாட்டுப் புடாபெஸ்ட் சிம்பொனிக் குழுவினர் அதற்கு வாத்தியம் இசைத்தனர். மக்கள் நெஞ்சில் ஊறிய பாட்டுகளைப் பெருங்குழுவின் கருவிகளில் மீளவும் இசைத்தல் மேனாட்டார்க்குப் புதிதன்று. பிங்க் ஃபிளாய்ட் என்னும் றொக் குழுவினரின் பாடல்களை 1995இல் இலண்டன் பில்ஹார்மோனிக் குழு அவ்வாறு இசைத்தது. ஆங்கே குரல் நீங்கி வாத்தியம் நின்றது. திருவாசகத்திலே சொல்லை நீக்கினால் எஞ்சுவது யாது?

இளையராஜா சொல்லை நீக்கினாரல்லர். ஐம்பத்தொரு பகுதிகளுள் ஆறிலிருந்து பாடல்களைத் தேர்ந்து, தனிக்குரலும் கூட்டுக்குரலுமாகப் பாடுவித்தார். ஆதலின் இதனைச் சிம்பொனி என்பதினும் ஓரட்டோரியோ என்பதே பொருந்தும். (அவர்தம் சிம்பொனி 2025 மார்ச் 8இல் இலண்டனில் அரங்கேறியது.) சிவபுராணப் பகுதியில் ஸ்டீபன் ஷ்வார்ட்ஸ் எழுதிய ஆங்கில வரிகளும் விரவி வருகின்றன. தமிழறியாதார் பொருட்டுச் சேர்த்தவை எனினும், அவை பாட்டின் ஓட்டத்தைத் தடுப்பனவாகவே எமக்குத் தோன்றுகின்றன. போப்பையர் 1900இலேயே நூல் முழுவதையும் ஆங்கிலமாக்கித் தந்துள்ளாரே!

எம்மை வியப்பில் ஆழ்த்தியது திருப்பொற்சுண்ணமே. வெருகலாற்றங்கரையிலே வாழும் எம்போன்ற ஈழத்துச் சைவர்க்கு அப்பதிகத்தின் முதலடி காதில் விழுந்ததும் நினைவுக்கு வருவது மரண வீடு. முற்றத்தில் உரலும் உலக்கையும் இருக்கும், சுண்ணம் இடிக்கப்படும், ஒருவர் பாட, சூழ நிற்போர் அழுவர். தாயையோ தந்தையையோ அப்பாட்டோடு வழியனுப்பியவர் அதனைப் பிறிதோரிடத்தில் கேட்க மனங்கொள்ளார். கோயிலிற் பாடினும் சிலர் முகஞ்சுளிப்பதுண்டு.

ஆயினும் மாணிக்கவாசகர் பாடியது சாவுப் பாட்டன்று. இறைவன் நீராடுதற்குரிய நறுமணப் பொடியை மகளிர் கூடி, ஒருவரையொருவர் அழைத்து, மகிழ்ந்து இடிக்கும் பாட்டு அது. 'ஆனந்த மனோலயம்' என்றே முன்னோர் அதற்குக் கருத்துரைத்தனர். இருபது பாட்டும் உலக்கை ஏறி இறங்கும் நடையின. இளையராஜா அந்நடையைப் பற்றிக்கொண்டார். கூட்டுக்குரல்கள் துள்ளி எழுகின்றன. வகுப்பிற் பன்முறை பொருள் சொல்லியும் மாணாக்கர் நெஞ்சில் யாம் ஏற்றமாட்டாத உவகையை அவ்விசை சில நிமிடங்களில் ஏற்றிவிட்டது. மரண வீட்டின் நினைவு அதனால் அகன்றது என்று சொல்லேன். அழுகையும் உவகையும் ஒரே பாட்டினுள் அடுத்தடுத்துக் கேட்கின்றன.

திருவெம்பாவையை அவர் தேராது விட்டது எமக்குச் சிறிது மனக்குறை. மார்கழி விடியலில் சங்கும் சேமக்கலமும் ஒலிக்க அதனைப் பாடிச் செல்லும் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளோ அக்குறையை அறியார்.