கட்டம் சொல்லும் கதை! ஊர்ப் பணம் எங்கே போகிறது?

மேட்டுப்பாளையம் மண்டி வீதி. நீலகிரி மலையிலிருந்து இறங்கி வந்த லாரிகள் வரிசையாக நிற்கின்றன. ஒரு பக்கம் உருளைக்கிழங்கு மூட்டைகள் மலைபோல் குவிந்திருக்கின்றன. மறுபக்கம் காரட் மூட்டைகள். ஏலம் முடிந்து வியாபாரிகள் கலைகிறார்கள்.

விவசாயியின் கைக்கு ஒரு சிறு சீட்டு வருகிறது. அதற்குச் "சிட்டை" என்று பெயர். மூட்டை எத்தனை, எடை எவ்வளவு, விலை என்ன, லாரி வாடகை எவ்வளவு, இறக்குக்கூலி எவ்வளவு, கமிஷன் எவ்வளவு, கடைசியில் கைக்கு வரும் தொகை எவ்வளவு? எல்லாம் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதப்பட்டிருக்கும்.

விவசாயி அதன் மேல் விரலை வைக்கிறார். விரல் மெல்லக் கீழே இறங்குகிறது. ஓர் இடத்தில் நின்றுவிடுகிறது.

"ஏனுங்க, இறக்குக்கூலி போன தடவை இவ்வளவு இல்லீங்களே?"

மண்டிக்காரர் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்! கேட்டவர் அதிகம் படித்தவராக இருக்க வேண்டியதில்லை. ஆனால் அவரை ஏமாற்றுவது எளிதல்ல.

அதே மனிதரிடம் அரசாங்கத்தின் வரவு செலவு அறிக்கை ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள். "இதெல்லாம் படிச்சவங்க பார்க்கிறதுங்க" என்று சொல்லி, மடித்துத் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

ஏன் அப்படி? அதுவும் ஒரு சிட்டைதானே! கொஞ்சம் பெரிய சிட்டை, அவ்வளவுதான். அதில் எழுதியிருப்பதும் அவருடைய பணம்தான்.

சுவரிலிருந்து கட்டத்துக்கு

கணக்கு எழுதுவது நமக்குப் புதிதல்ல. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ராஜராஜ சோழன் கொடுத்த பொன் எவ்வளவு, நகைகள் எத்தனை, அவற்றின் எடை என்ன என்பதெல்லாம் அந்தக் கோயில் சுவரிலேயே வெட்டப்பட்டுள்ளன. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஓர் அரசன் தன் கணக்கை ஊரறியக் கல்லில் வைத்தான்!

ஆனால் அந்தக் கணக்கு எழுத்துக்குப்பின் எழுத்தாக ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு நகையையும் இன்னொரு நகையையும் ஒப்பிட வேண்டுமானால் சுவரோடு சுவராக நடந்துபோய்த் தேட வேண்டும்.

பிற்காலத்தில் கட்டம் போட்ட கணக்குகள் வந்தன. கிராமத்து அடங்கலைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். நிலத்தின் எண் ஒரு கட்டத்தில். பரப்பு ஒரு கட்டத்தில். பயிர் ஒரு கட்டத்தில். தன் நிலத்தின் எண் தெரிந்தால் போதும், கண் நேராக அந்த இடத்துக்குப் போய்விடும்.

மேலிருந்து கீழே இறங்குவது பத்தி. இடமிருந்து வலமாகப் போவது வரிசை. இரண்டும் சந்திக்கும் இடம் கட்டம். அட்டவணை என்பது இவ்வளவுதான்!

ஓடந்துறைக் கணக்கு

இதில் என்ன லாபம் என்று கேட்கிறீர்களா? மேட்டுப்பாளையத்தை அடுத்த ஓடந்துறை ஊராட்சியைப் பாருங்கள்.

1996 முதல் 2006 வரை அங்கே ஆர். சண்முகம் தலைவராக இருந்தார். தொடக்கத்தில் ஊராட்சியின் மின்கட்டணம் மாதம் ஏறத்தாழ 2,000 ரூபாய். குடிநீர்க் குழாய்களும் தெருவிளக்குகளும் பெருகின. சில ஆண்டுகளில் அந்தக் கட்டணம் மாதம் 50,000 ரூபாய் அளவுக்கு ஏறிவிட்டது!

ஊராட்சி என்ன செய்தது? 2006-ல் சொந்தமாக ஒரு காற்றாலையே வாங்கிவிட்டது! உடுமலைப்பேட்டைப் பக்கம், காற்று நன்றாக வீசும் மைவாடியில் அதை நிறுவினார்கள். அங்கே உண்டாகும் மின்சாரம் மின்வாரியத்தின் கம்பியில் சேரும். ஊராட்சி செலவழிக்கும் மின்சாரம் அதில் கழியும்.

இந்தச் செய்தியை ஓர் அலுவலகக் குறிப்புப் போல நாமே எழுதிப் பார்ப்போமா?

"மேற்படி ஊராட்சியின் மின்தேவையை நிறைவு செய்யும் பொருட்டு, 350 கிலோவாட் திறனுள்ள காற்றாலையானது ரூ.1.55 கோடி மதிப்பீட்டில், ஊராட்சியின் சொந்த நிதி ரூ.40 லட்சம் மற்றும் வங்கிக் கடன் ரூ.115 லட்சம் ஆகியவற்றைக் கொண்டு நிறுவப்பட்டு, ஆண்டுக்குச் சுமார் 6.75 லட்சம் யூனிட் உற்பத்தி செய்யப்பட்டு, ஊராட்சியின் தேவையான சுமார் 4.5 லட்சம் யூனிட் போக எஞ்சியது மின்வாரியத்துக்கு வழங்கப்படுகிறது."

மூச்சு முட்டுகிறதல்லவா? பாதி வழியிலேயே தொடக்கம் மறந்துபோகிறது. இப்போது அதையே கட்டத்துக்குள் வைப்போம்.

| விவரம் | அளவு |
|---|---|
| ஊராட்சியின் சொந்தப் பணம் | ரூ.40 லட்சம் |
| வங்கிக் கடன் | ரூ.115 லட்சம் |
| மொத்தச் செலவு | ரூ.155 லட்சம் |
| ஓராண்டு உற்பத்தி (சுமார்) | 6.75 லட்சம் யூனிட் |
| ஊராட்சியின் தேவை (சுமார்) | 4.5 லட்சம் யூனிட் |
| மிச்சம் (சுமார்) | 2.25 லட்சம் யூனிட் |

ஐந்தாம் வகுப்புக் குழந்தைகூட இதைக் கூட்டிப் பார்த்துவிடும். நாற்பதும் நூற்றுப் பதினைந்தும் நூற்று ஐம்பத்தைந்து. சரியாக இருக்கிறது!

இன்னொன்றையும் கவனியுங்கள். கட்டத்தைப் பார்த்ததும் கேள்வி பிறக்கிறது. வட்டி எவ்வளவு? கடனை எத்தனை ஆண்டில் கட்ட வேண்டும்? மிச்ச மின்சாரத்துக்கு என்ன விலை? இவை இந்தக் கட்டத்தில் இல்லையே! நீண்ட வாக்கியத்தைப் படித்தபோது இந்தக் கேள்விகள் நமக்குத் தோன்றினவா? இல்லை. இருப்பதைக் காட்டுவதோடு, இல்லாததையும் காட்டிக் கொடுப்பதுதான் கட்டத்தின் குணம்.

ஓடந்துறைக் கடன் பின்னர் முழுவதும் அடைபட்டது. மின்கட்டணத்தைப் பொதுச் செலவோடு செலவாக எழுதி விட்டிருந்தால், அது ஏறிக்கொண்டே போவது ஊராரின் கண்ணுக்குப் பட்டிருக்குமா?

கோவைக்காரர் வைத்த கணக்கு

ஊராட்சிக் கணக்கைப் பார்த்தோம். நாட்டின் கணக்கு மட்டும் வேறு மாதிரியா என்ன?

சுதந்திர இந்தியாவின் முதல் வரவு செலவுத் திட்டத்தைத் தாக்கல் செய்தவர் நம் கோவையில் பிறந்த ஆர். கே. சண்முகம் செட்டியார். நாள்: 1947 நவம்பர் 26. அது 1947 ஆகஸ்டு 15 முதல் 1948 மார்ச் 31 வரையில், ஏழரை மாதத்துக்கான கணக்கு.

| விவரம் | கோடி ரூபாய் |
|---|---|
| வரவு | 171.15 |
| செலவு | 197.39 |
| பற்றாக்குறை | 26.24 |

செலவில் ராணுவத்துக்கு மட்டும் 92.74 கோடி. ஏறத்தாழப் பாதி! நாடு பிரிந்த நேரம். காஷ்மீரில் சண்டை நடந்த நேரம். அந்த நாளின் கவலை முழுவதும் ஓர் எண்ணில் அடங்கியிருக்கிறது, பார்த்தீர்களா?

பொள்ளாச்சியை அடுத்த செங்குட்டைப்பாளையத்தில் பிறந்த சி. சுப்பிரமணியமும் 1952 முதல் 1962 வரை சென்னை மாநிலத்தின் நிதியமைச்சராக இருந்தவர். பின்னர் 1974-ல் மத்திய நிதியமைச்சரானார். நாட்டுக்கே கணக்குச் சொன்னவர்கள் இருவரைத் தந்த சீமை இது! அந்தச் சீமைக்காரர்கள் கணக்கைக் கண்டு ஒதுங்கலாமா?

நான்கு பத்திகளின் ரகசியம்

மாநில அரசு ஆண்டுதோறும் வரவு செலவு அறிக்கையைச் சட்டமன்றத்தில் வைக்க வேண்டும் என்கிறது அரசியல் சட்டத்தின் 202-ஆம் பிரிவு. அதையொட்டி வரும் புத்தகங்களில் எண்கள் பெரும்பாலும் நான்கு பத்திகளாக இருக்கும். அந்த நான்கையும் புரிந்துகொண்டால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி.

ஒரு கற்பனை ஊரின் சாலைக் கணக்கை எடுத்துக்கொள்வோம்.

| சென்ற ஆண்டு உண்மைச் செலவு | இந்த ஆண்டு மதிப்பீடு | இந்த ஆண்டு திருத்திய மதிப்பீடு | அடுத்த ஆண்டு மதிப்பீடு |
|---|---|---|---|
| 8 லட்சம் | 20 லட்சம் | 9 லட்சம் | 22 லட்சம் |

முதல் பத்தி, செலவாகி முடிந்தது. இரண்டாவது, ஆண்டின் தொடக்கத்தில் சொன்னது. மூன்றாவது, ஆண்டு முடியும் சமயத்தில் "இவ்வளவுதான் ஆகும்" என்று திருத்தியது. நான்காவது, அடுத்த ஆண்டுக்குச் சொல்வது.

இருபது லட்சம் என்று சொன்னார்கள். ஒன்பதாகக் குறைத்தார்கள். மறுபடியும் இருபத்திரண்டு என்கிறார்கள்! மேடையில் கேட்கும்போது நம் காதில் விழுவது கடைசி எண் ஒன்றுதான். கட்டத்தில் நான்கும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. சொன்னதையும் செய்ததையும் ஒரே இடத்தில் நிறுத்துவதுதான் அட்டவணையின் வேலை. குறைத்ததற்கு நல்ல காரணம் இருக்கலாம். ஆனால் காரணத்தைக் கேட்க நமக்கு உரிமை உண்டு அல்லவா?

பெயரைப் படித்தார்கள், குட்டு உடைந்தது!

கேட்டால் என்ன நடக்கும் என்பதற்கு ராஜஸ்தான் ஒரு சாட்சி. அங்கே "மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன்" என்ற உழைப்பாளர் அமைப்பு, 1994 டிசம்பரில் கோட் கிரானா என்ற ஊரில் பொது விசாரணை ஒன்றை நடத்தியது. அரசு வேலைகளின் கூலிப் பட்டியலை ஊரார் நடுவில் உரக்கப் படித்தார்கள்.

பெயர், வேலை செய்த நாட்கள், வாங்கிய கூலி. மூன்றே பத்திகள்தான். வேலைக்கே போகாதவர்களின் பெயர்கள் அதில் இருந்தன! "நான் அந்த வேலைக்குப் போகவில்லையே" என்று சொல்ல எவருக்கும் பட்டப் படிப்பு தேவைப்படவில்லை. தன் பெயரைக் காதால் கேட்டால் போதுமானதாக இருந்தது.

அந்தக் கிளர்ச்சிதான் வளர்ந்து, 2005-ல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வருவதற்குத் துணை நின்றது. அதற்கு முன்பே, 1997-ல், இப்படி ஒரு சட்டத்தை இயற்றிய முதல் மாநிலம் நம் தமிழ்நாடு!

கட்டமும் ஏமாற்றும்!

ஆனால் எச்சரிக்கையும் வேண்டும். கட்டம் போட்டுவிட்டதாலேயே கணக்கு யோக்கியமாகிவிடாது. அட்டவணையைக் கையில் எடுத்ததும் ஐந்து இடங்களில் விரலை வையுங்கள்.

முதலாவது, தலைப்பு. எந்த ஊர், எந்த ஆண்டு என்று பாருங்கள். பழைய ஆண்டின் கணக்காகவும் இருக்கலாம்.

இரண்டாவது, மூலையில் சின்ன எழுத்தில் இருக்கும் அளவு. "ரூபாய் ஆயிரத்தில்" என்று இருந்தால், 2,50,000 என்பது இரண்டரை லட்சம் அல்ல, இருபத்தைந்து கோடி!

மூன்றாவது, கூட்டல். மொத்தத்தை நீங்களே ஒருமுறை கூட்டிப் பாருங்கள்.

நான்காவது, வெற்றுக் கட்டம். செலவே இல்லையா, அல்லது எழுதவில்லையா என்று கேளுங்கள். இரண்டும் ஒன்றல்ல.

ஐந்தாவது, "இதர செலவு". அந்த வரிசை மற்ற வரிசைகளைவிடப் பெரிதாக இருந்தால், அதைப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள்.

தமிழக அரசு 2021 ஆகஸ்டு 13-ல் முதன்முறையாகக் காகிதமில்லா வரவு செலவுத் திட்டத்தைத் தாக்கல் செய்தது. அரசின் நிதி அறிக்கைகளை இப்போது செல்போனிலேயே பார்க்கலாம். ஆனால் சிறிய திரையில் அகலமான அட்டவணையின் தலைப்பு மறைந்துவிடும். எந்த எண் எந்தப் பத்திக்கு உரியது என்பதை மேலே தள்ளிப் பார்த்துவிட்டுப் படியுங்கள்.

கேட்கும் நாள் எது?

கிராமத்தில் இருப்பவர்களுக்குக் கிராம சபை உண்டு. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என, ஆண்டுக்கு ஆறு நாட்களை 2022-ல் தமிழக அரசு அறிவித்தது. ஊராட்சியின் வரவு செலவு அங்கே வைக்கப்பட வேண்டும். மேட்டுப்பாளையம் போன்ற நகரங்களுக்கும் அதே ஆண்டில் பகுதி சபை முறை வந்தது.

ஓர் அலுவலகத்துக்கு ஒதுக்கிய பணம், திட்டமிட்ட செலவு, கொடுத்த தொகை ஆகியவற்றை மக்கள் கேட்காமலே வெளியிட வேண்டும் என்கிறது தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு. வெளியிடவில்லையா? பத்து ரூபாய்க் கட்டணத்தோடு ஒரு மனு எழுதலாம். அதில் "ஆண்டு வாரியாக, வேலை வாரியாக, அட்டவணையாகத் தரவும்" என்று ஒரு வாக்கியம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பழக்கத்தை வீட்டிலிருந்தே தொடங்கலாம். ஒரு தாளில் நான்கு கோடு போடுங்கள். போன மாதம் ஆன செலவு, இந்த மாதம் நினைத்தது, ஆனது, அடுத்த மாதம் நினைப்பது. பால், அரிசி, பள்ளிக் கட்டணம், மின்சாரம் என்று வரிசைப்படுத்துங்கள். குழந்தைகள் கூட்டட்டும், பாட்டி சரி பார்க்கட்டும்!

வீட்டுக் கணக்கில் விரல் பழகிவிட்டால், ஊர்க் கணக்கிலும் அது தயங்காது. அடுத்த கிராம சபையில் வரவு செலவு அட்டவணை உங்கள் கைக்கு வரும். மண்டியில் வைத்த அதே விரலை அதன் மேலும் வையுங்கள். ஓர் இடத்தில் அது நின்றால், எழுந்து நின்று கேளுங்கள்:

"ஏனுங்க, போன தடவை இவ்வளவு இல்லீங்களே?"