உப்பை வழிமறிக்கும் சவ்வு

மழைக்காலத்தில் கல்வராயன் மலை ஓடைகளில் இறங்கிவரும் நீரில் உப்பு மிகக் குறைவு. அதே நீர் சமவெளிக்கு வந்து, பாறை இடுக்குகளில் நெடுநாள் தங்கி, பிறகு ஆழ்குழாய்க் கிணற்றின் வழியே மேலே வரும்போது சோடியம், கால்சியம், குளோரைடு முதலிய அயனிகளைக் கரைத்துக்கொண்டு வருகிறது. கள்ளக்குறிச்சிப் பக்கத்துச் சில கிணறுகளின் நீரில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. இந்நீரைக் குடிநீராக்க வழி உண்டா?

ஒரு லிட்டர் நீரில் இரண்டு மூன்று கிராம் உப்பு இருக்கிறது என்று கொள்வோம். அதற்காக நீர் முழுவதையும் கொதிக்க வைத்து ஆவியாக்குவது, வீட்டிலுள்ள எலிக்குப் பயந்து வீட்டையே காலி செய்வது போன்றது. உப்பை மட்டும் வெளியேற்றினால் போதுமே! மின்சாரமும் அயனிப் பரிமாற்றச் சவ்வும் சேர்ந்து இதைச் செய்கின்றன. எலக்ட்ரோடயாலிசிஸ் என்பது இதன் பெயர். குஜராத்தின் பவநகரில் 1954-இல் தொடங்கப்பெற்ற மத்திய உப்பு, கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிலையம் இத்தகைய சவ்வுகளை நம் நாட்டிலேயே உருவாக்கியுள்ளது.

சவ்வு என்பது ஒரு பிளாஸ்டிக் தாள்தான். ஆனால் அதன் மூலக்கூறுச் சங்கிலிகளில் எதிர்மின் தொகுதிகள் அசையாதபடி பிணைக்கப்பட்டிருக்கும். எனவே குளோரைடு அயனி உள்ளே நுழைய முயன்றால் விலக்கித் தள்ளப்படும். சோடியம் அயனியோ தாராளமாகக் கடந்து செல்லும். நேர்மின் தொகுதிகளைப் பிணைத்த சவ்வு இதற்கு நேர்மாறாக நடக்கும். இந்த விலக்கலின் அடிப்படைக் கொள்கையை 1911-இல் டானன் என்ற வேதியியலார் வகுத்தார்.

இச்சவ்வின் ஒரு புறம் 0.1 மோலார், மறுபுறம் 0.01 மோலார் சோடியம் குளோரைடு கரைசலை வையுங்கள். சோடியம் அயனிகள் நீர்த்த பக்கம் செல்லத் தொடங்கும்; குளோரைடு பின்தொடர முடியாது. ஆகவே நீர்த்த பக்கம் நேர்மின்னேற்றம் பெறும். அந்த மின்னழுத்தமே மேற்கொண்டு சோடியம் வருவதைத் தடுத்துவிடும். செறிவுகளை மட்டும் கொண்டு நெர்ன்ஸ்டு சமன்பாட்டில் கணக்கிட்டால் 25 டிகிரி செல்சியசில் 59 மில்லிவோல்ட் வரும். நல்ல சவ்வில் அளந்தால் சுமார் 55 தான் கிடைக்கும். அயனிகள் ஒன்றையொன்று ஈர்ப்பதால் அவற்றின் செயல்திறன் சற்றுக் குறைவதே காரணம்.

இனி, வெளியிலிருந்து மின்னோட்டம் செலுத்துவோம். மின்னழுத்தத்தை உயர்த்த உயர்த்த மின்னோட்டமும் ஓம் விதிப்படி உயரும். ஒரு கட்டத்தில் கோடு வளைந்து ஏறக்குறையக் கிடையாகிவிடும். ஆய்வகத்தில் மாணவர்கள் இதைக் கண்டால் பிழை என்று எண்ணி அழித்துவிடுவார்கள்! அழிக்க வேண்டாம், சுவையான செய்தியே அங்குதான் இருக்கிறது.

கரைசலில் மின்னோட்டத்தின் 100 பங்கில் சுமார் 40 பங்கைச் சோடியமும் 60 பங்கைக் குளோரைடும் சுமக்கின்றன. சவ்வுக்குள் 100 பங்கையும் சோடியமே சுமந்தாக வேண்டும். எனவே சவ்வின் வாயிலில் 60 பங்கு சோடியம் பற்றாக்குறை. அதைக் கரைசலிலிருந்து விரவல் மூலமே ஈடுகட்ட வேண்டும். விரவலோ மெதுவானது. சவ்வை ஒட்டிய மெல்லிய அடுக்கில் உப்பு ஏறக்குறைய அற்றுப்போகிறது. மின்னோட்டம் அதற்குமேல் உயர மறுக்கிறது. இதுவே எல்லை மின்னோட்டம்.

மின்னழுத்தத்தை இன்னும் கூட்டினால் மின்னோட்டம் மீண்டும் ஏறும். சவ்வருகே நீரில் நுண்சுழல்கள் தோன்றி உப்பைக் கொண்டுவந்து சேர்ப்பது ஒரு காரணம். சில சமயம் நீர் மூலக்கூறே பிளந்து ஹைட்ரஜன், ஹைட்ராக்சைடு அயனிகளைத் தரும். அதனால் அமிலத்தன்மை மாறி, சுண்ணாம்புப் படிவு சவ்வில் ஒட்டும். நம் கிணற்று நீருக்கு இது பெரிய தொல்லை. நீரை வேகமாக ஓடச் செய்வதும், அவ்வப்போது மின்வாய்களை நேர், எதிர் மாற்றி இணைப்பதும் இதற்கு மாற்று.

உப்பு குறையக் குறைய எல்லை மின்னோட்டமும் தாழும். நீரின் மின்தடை ஏறும். ஆகவே கடைசித் துளி உப்பை நீக்குவதுதான் மிகக் கடினம். குடிநீருக்கு அது தேவையுமில்லை. மின்னேற்றமற்ற பொருள்களையும் கிருமிகளையும் இம்முறை நீக்காது. அவற்றுக்கு வேறு வழி வேண்டும். வெளியேறும் செறிந்த உப்புநீரை ஏரியில் விட்டால், அது ஊறி மீண்டும் நம் கிணற்றுக்கே வரும்.