பெயரேடும் தொடுத்த சட்டகங்களும்

தேயிலைத் தோட்டத்து மக்களுக்குப் பெயரேடு புதிதன்று. நானுஓயாவைச் சூழ்ந்த தோட்டங்களிலே, வேலைநாட்களை எண்ணிச் சம்பளங் கணித்தற்குரிய ஏடு ‘செக்ரோல்’ என்னும் பெயராலேயே வழங்கிவந்துள்ளது. 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவோர் குடியுரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பித்தோர், 1946 சனவரி 1ஆம் திகதிக்கு முன், மணமானவராயின் 7 ஆண்டும் மணமாகாதவராயின் 10 ஆண்டும் இலங்கையில் இடையறாது வாழ்ந்தமையை நிறுவவேண்டியிருந்தது. ஆகவே, ஒருவர் பெயருக்கு நேரே மற்றொருவர் ஆண்டு அமைந்துவிடுதல் இம்மலைநாட்டிலே சிறியதோர் அச்சுப்பிழை என்று தள்ளத்தக்கதன்று.

இத்தகைய ஏடொன்றைக் கணினியில் அச்சுக்கு அமைப்பதாகக் கொள்வோம். அட்டவணையின் கிடைவரிசை ஒவ்வொன்றும் ஓர் ஆளுக்குரிய பதிவு; நிரல் ஒவ்வொன்றும் ஒரு புலம். ‘இன்டிசைன்’ என்னும் பக்க அமைப்பு மென்பொருளில் ‘டேட்டா மேர்ஜ்’ என்றொரு வசதி உண்டு. பெயரும் எண்ணும் வரவேண்டிய இடங்களிற் புலக்குறிகளை இட்டுவைத்தால், அது அட்டவணையை நோக்கி அவ்விடங்களை நிரப்பிவிடும். சான்றிதழுக்கும் அடையாள அட்டைக்கும் இது மிக ஏற்றது. ஏட்டுக்கோ இடர் விளைப்பது.

காரணம் யாதெனின், தொடுத்த சட்டகங்களிலே, மேற்பாத்தி நிறைந்து கீழ்ப்பாத்திக்கு நீர் இறங்குமாப்போல, முதற் சட்டகத்தில் அடங்காத எழுத்து அடுத்ததற்குச் செல்லும். மேற்கூறிய வசதியோ சட்டகத்தையே அச்சாகக் கொண்டு, பதிவுதோறும் ஒரு படி எடுத்து அடுக்குகின்றது. அப்படிகளுக்குள் வாய்க்கால் இல்லை. நீண்ட பெயர் சட்டகத்துள் அடங்காது மறையும். குறுகிய பெயரின் கீழ் வெற்றிடம் நிற்கும். ஒரு பெயரை நீக்கினால் அவ்விடம் மூடாது.

எனவே வரிசையை மாற்றுதல் வேண்டும். முதலில் ‘மைக்ரோசொப்ட் வேர்ட்’டின் அஞ்சல் இணைப்பில் ‘டிரெக்டரி’ வகையைத் தெரிந்து, பதிவுகள் யாவற்றையும் ஒரே தொடர் எழுத்தாக ஆக்குக. பின்னர் அதனை இன்டிசைனுக்குக் கொணர்ந்து, ‘ஷிஃப்ட்’ விசையை அழுத்தியவாறு பக்கத்திற் சொடுக்கினால், எழுத்து முடியுமட்டும் சட்டகங்களும் பக்கங்களும் தாமே தொடுக்கப்படும். இணைத்த பின் பகுத்தல் என்பதே இதன் முறை.

இனி, ஓடும் எழுத்து ஓர் ஆளை இருகூறாக்காதிருத்தல் வேண்டும். பெயர் ஒரு பக்கத்தின் அடியிலும் பிறந்த ஆண்டு மறுபக்கத்தின் தலையிலும் நிற்பின், படிப்பவர் அதனை அடுத்தவருக்கு ஏற்றிவிடுவர். பதிவு முழுவதையும் ஒரே பந்தியாக அமைத்து, உள்ளே வரிமுறிவு மட்டும் இட்டு, பந்தியின் எல்லா வரிகளையும் சேர்த்து வைக்குமாறு பணித்தால், இடம் போதாதவிடத்துப் பதிவு முழுவதாகவே அடுத்த சட்டகத்துக்குச் செல்லும். அடியிற் சிறிது வெற்றிடம் விழும், விழட்டும்.

மென்பொருள் திருத்தமாட்டாத பிழை ஒன்று உண்டு. அட்டவணையில் ஒரு நிரலை மட்டும் அகரவரிசைப்படுத்தினால் பெயர்கள் இடம்பெயர, எண்கள் நின்றவாறே நிற்கும். அச்சில் யாவும் ஒழுங்காகவே தோன்றும். பாமினி எழுத்துருவில் இட்ட பெயர்களும் யுனிக்கோட்டுப் பெயர்களும் கலந்திருப்பின் அகரவரிசையும் பொய்க்கும். பிறந்த திகதி இல்லாதவரின் புலத்தை வெறுமையாய் விடாது, ‘பதிவில்லை’ என எழுதுதலே நேர்மை.

ஈற்றில், கடைசிச் சட்டகத்தின் மூலையிற் சிவந்த கூட்டற்குறி தோன்றின், எழுத்து இன்னும் எஞ்சியுள்ளது என்பது பொருள். அதனைத் தீர்த்தபின், அட்டவணையின் வரிசைத்தொகையை அச்சிட்ட பெயர்களின் தொகையோடு ஒப்பிட்டு எண்ணுக.