படச்சுருளும் ஓர் ஏடே

நுழையும்முன்

ஏடு அழிந்தால் இலக்கியம் மறையும். படச்சுருள் அழிந்தால் திரைக்கலை மறையும். எஞ்சிய ஒரு படியைக் காப்பதும் அதனைக் காட்டுவதும் எத்தகைய பொறுப்புடையன என்பதை இப்பாடம் விளக்குகிறது.

ஸ்ரீவைகுண்டத்தை அடுத்த ஆழ்வார்திருநகரிக்குப் பத்துப்பாட்டுச் சுவடியைத் தேடி வந்தார் உ.வே. சாமிநாதர். அங்குக் கிடைத்த ஏடு, 1889இல் அந்நூல் அச்சேறத் துணைநின்றது. அத்தகைய தேடல் திரைப்படத்திற்கும் தேவைப்படுகிறது.

நிழலுருவப் படம்

செருமானியப் பெண் கலைஞர் லோட்டே ரைனிகர் உருவாக்கிய ‘இளவரசர் அக்மதின் சாகசங்கள்’ 1926இல் வெளிவந்தது. இன்று கிடைக்கும் முழுநீள அசைவூட்டப் படங்களுள் இதுவே பழமையானது. அட்டையில் வெட்டிய உருவங்களின் மூட்டுகளைக் கம்பியால் இணைத்து, கீழிருந்து ஒளியூட்டிய கண்ணாடிமேல் வைத்தார். சிறிது சிறிதாக நகர்த்தி, ஒவ்வோர் அசைவையும் மேலிருந்து படம்பிடித்தார். குமரி மாவட்டத்துத் தோற்பாவைக்கூத்தைக் கண்டவர்க்கு இந்நிழலுருவங்கள் அயலாகத் தோன்றா.

இப்படத்தின் மூல எதிர்ச்சுருள் இரண்டாம் உலகப்போரின் முடிவில் பெர்லினில் அழிந்தது. இலண்டன் ஆவணக்காப்பகத்தில் எஞ்சியிருந்த நைட்ரேட் படியைக்கொண்டு, 1999இல் பிராங்க்பர்ட் நகரில் இது மீட்டுருவாக்கப்பட்டது.

திரையிடும் முறை

நைட்ரேட் சுருள் எளிதில் தீப்பற்றும். பின்னர் வந்த அசிடேட் சுருளோ வெப்பத்தாலும் ஈரத்தாலும் சிதைந்து காடி நாற்றம் வீசும். எனவே, திரையிடுமுன் சுருளின் ஓரத் துளைகளையும் ஒட்டுகளையும் ஆராய வேண்டும். சுருங்கிய சுருளை எந்திரத்தில் ஏற்றலாகாது. பேசும்படத்தின் வேகம் நொடிக்கு 24 சட்டங்கள். மௌனப்படங்கள் பல அதனினும் குறைந்த வேகத்தில் எடுக்கப்பட்டவை; அவற்றை விரைந்து ஓட்டினால் நடை ஓட்டமாகிவிடும்.

ஒவ்வொரு திரையீடும் சுருளைச் சிறிதேனும் தேய்க்கும். காட்டாது பூட்டிவைத்தாலோ கலை மக்களைச் சேராது. ஆதலின், காப்பகங்கள் மூலப்படியைக் குளிர்ந்த, உலர்ந்த அறையில் வைத்துவிட்டு, அதிலிருந்து எடுத்த புதிய படியையே பெரும்பாலும் திரையிடுகின்றன.

நாம் இழந்தவை

நடராச முதலியாரின் ‘கீசகவதம்’ தென்னிந்தியாவின் முதல் மௌனப்படம். 1931இல் வெளியான ‘காளிதாஸ்’ தமிழின் முதல் பேசும்படம். இவ்விரண்டின் படிகளும் இன்று இல்லை. 1964இல் புனேவில் தேசியத் திரைப்பட ஆவணக்காப்பகம் தோன்றியபோது, காலம் கடந்திருந்தது. அதனை வளர்த்த பி.கே. நாயர், ஊர் ஊராகச் சென்று எஞ்சிய சுருள்களைத் திரட்டினார். ஒரு நாடு இழந்த படத்தை மற்றொரு நாட்டில் எஞ்சிய படி மீட்டளித்தது. நம் முதற்படங்களுக்கு அப்படி ஒரு படியும் எஞ்சவில்லை. பழையது என ஒதுக்கும் பொருளே, ஒரு கலையின் கடைசிச் சான்றாகவும் இருக்கக்கூடும்.

கற்பவை கற்றபின்

உங்கள் ஊரின் பழைய திரையரங்கில் படச்சுருளை இயக்கியவரைக் கண்டு, அவர்தம் பணி அனுபவத்தைக் கேட்டு எழுதுக.