வினாவும் உரையாடலும்: திறனாய்வுச் சிந்தனை வளரும் வழி

திறனாய்வுச் சிந்தனை என்பது ஒரு கூற்றைக் கேட்டவுடன் ஏற்காமலும், கேட்டவுடன் தள்ளாமலும், ஆராய்ந்து முடிவுக்கு வரும் பழக்கமாகும். இதற்குச் சான்று என்ன, இதைச் சொல்பவர் யார், வேறு விளக்கம் உண்டா ஆகியவை அந்த ஆராய்ச்சியின் அடிப்படைக் கேள்விகள். இந்தப் பழக்கம் தனியே அமர்ந்து படிப்பதால் மட்டும் வருவதில்லை. ஒருவர் கேட்க, மற்றவர் விடைசொல்ல, அந்த விடையிலிருந்து அடுத்த கேள்வி பிறக்கும் உரையாடலிலேயே இது வேகமாக வளர்கிறது. இக்கட்டுரை அந்த முறையைத் தமிழ் மரபிலிருந்தும், வடசென்னையின் திருவொற்றியூர், எண்ணூர்ப் பகுதியில் அண்மைக் காலத்தில் நடந்த நிகழ்வுகளிலிருந்தும் விளக்குகிறது.

சொல்லும் பொருளும்

தமிழில் ‘கேள்’ என்ற வேர்ச்சொல்லுக்கு இரு பொருள்கள் உண்டு. ஒன்று செவியால் கேட்டல், மற்றொன்று வினவுதல். திருக்குறளில் ‘கேள்வி’ என்னும் அதிகாரம் பேசுவது முதல் பொருளை. இன்று நாம் ‘கேள்வி கேட்டான்’ என்பது இரண்டாம் பொருளில். இரண்டும் ஒரே சொல்லில் அடங்கியிருப்பது பயனுள்ள பாடம். முழுமையாகக் காதுகொடுத்துக் கேளாதவரால் சரியான வினாவை எழுப்ப இயலாது. எதிரில் இருப்பவர் சொல்லாத ஒன்றை அவர்மேல் ஏற்றி மறுப்பதே பெரும்பாலான வீண் சண்டைகளின் தொடக்கம்.

தமிழ் மரபில் வினாவும் வாதமும்

பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரம், பாடம் கேட்கும் முறையை ஒரு கணக்காகவே சொல்கிறது. ஆசிரியர் சொல்வதை நன்கு உள்வாங்கும் மாணவனுக்கும் கால் பங்கு அறிவுதான் கிட்டும். உடன் பயில்வோரோடு பழகி ஆராய்வதால் இன்னொரு கால் பங்கு. எஞ்சிய அரைப் பங்கு, தான் கற்றதைப் பிறருக்கு எடுத்துச் சொல்லும்போதே வந்து சேரும். அதாவது கல்வியின் முக்கால் பங்கு பேச்சிலும் விளக்கத்திலும் விளைகிறது என்பது அந்நூலின் கருத்து.

மணிமேகலைக் காப்பியத்தின் 27ஆம் காதையில் மணிமேகலை வஞ்சி நகரில் பல சமயக் கணக்கர்களை அணுகி, ஒவ்வொருவரிடமும் அவரவர் கொள்கையைக் கேட்டறிகிறாள். எல்லாரையும் கேட்ட பிறகே தன் வழியைத் தேர்கிறாள். 29ஆம் காதையில் போலி ஏதுக்கள் வகைப்படுத்தப்படுகின்றன. தவறான வாதங்களின் பட்டியல் என்று அதைக் கொள்ளலாம். நீலகேசியில் சமண சமயத்தைச் சார்ந்த தலைவி பல சமய ஆசிரியர்களோடு அடுத்தடுத்து வாதிடுகிறாள்.

திருவொற்றியூருக்கும் இம்மரபில் இடம் உண்டு. இங்குள்ள தியாகராசர் கோயிலில் இலக்கணம் கற்பிக்கவும் விளக்கவும் ‘வியாகரணதான வியாக்கியான மண்டபம்’ இருந்ததையும், அதற்கு நிலம் விடப்பட்டதையும் மூன்றாம் குலோத்துங்க சோழன் காலக் கல்வெட்டு தெரிவிக்கிறது. வியாக்கியானம் என்பது நூற்பாவை ஒப்பிப்பது அன்று. ஐயம் எழுப்பி, அதற்கு விடை கூறி, பொருளை நிலைநாட்டுவது.

எனினும் இம்மரபை மிகைப்படுத்தவும் கூடாது. இத்தகைய கல்விக்கூடங்களின் கதவு எல்லாச் சாதியினருக்கும் திறந்திருக்கவில்லை, பெண்களுக்கும் திறந்திருக்கவில்லை. யார் கேட்கலாம் என்பதையே கேள்வியாக்கியது பிற்காலச் சமூகச் சீர்திருத்த இயக்கங்களின் பங்கு. பொதுக்கூட்டங்களில் பேச்சாளருக்குத் துண்டுச் சீட்டில் கேள்வி எழுதி அனுப்புவதும், படிப்பகங்களில் செய்தித்தாளைச் சுற்றி அமர்ந்து விவாதிப்பதும் தமிழ்நாட்டில் பரவின. தாம் சொன்னதை அப்படியே நம்பாமல், சொந்த அறிவால் ஆராய்ந்து சரியென்று பட்டதை மட்டும் ஏற்கும்படி கேட்போரிடம் சொல்வது பெரியாரின் வழக்கம்.

சாக்ரட்டீசு முறை

கிரேக்க நாட்டின் ஏதென்சு நகரில் வாழ்ந்த சாக்ரட்டீசு (மறைவு கி.மு. 399) நூல் எதுவும் எழுதவில்லை. சந்தையிலும் தெருவிலும் சந்தித்தவர்களிடம் ‘வீரம் என்றால் என்ன?’, ‘நீதி என்றால் என்ன?’ என்று கேட்பார். விடை வந்ததும், அந்த விடைக்குப் பொருந்தாத ஓர் எடுத்துக்காட்டை முன்வைப்பார். விடைசொன்னவரே தம் கூற்றைத் திருத்த நேரும். இதன் படிகள் நான்கு: சொல்லின் பொருளைத் தெளிவாக்குதல், அடியில் மறைந்திருக்கும் ஊகத்தை வெளிக்கொணர்தல், சான்று கேட்டல், விளைவை எண்ணிப் பார்த்தல்.

20ஆம் நூற்றாண்டில் பிரேசில் நாட்டுக் கல்வியாளர் பாவ்லோ பிரையரே, மாணவரை வெற்றுப் பெட்டியாக எண்ணித் தகவலைப் போட்டு நிரப்பும் கல்வியை ‘வங்கிமுறைக் கல்வி’ என்று விமர்சித்தார். மக்கள் தம் வாழ்க்கைச் சிக்கலையே பாடமாக எடுத்துக்கொண்டு உரையாட வேண்டும் என்பது அவர் கொள்கை.

வினாவின் வகைகள், விடையின் வகைகள்

நன்னூல் வினாவை ஆறாகப் பிரிக்கிறது. அவை அறிவினா, அறியா வினா, ஐய வினா, கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா. விடை தெரிந்த ஆசிரியர் மாணவரைச் சோதிக்கக் கேட்பது அறிவினா. தெரியாததைத் தெரிந்துகொள்ளக் கேட்பது அறியா வினா. கிடப்பது கயிறா பாம்பா என்று கேட்பது ஐய வினா. நம் வகுப்பறைகளில் ஒலிப்பவை பெரும்பாலும் அறிவினாக்களே. திறனாய்வுச் சிந்தனை வளர வேண்டுமானால் அறியா வினாவும் ஐய வினாவும் மாணவர் வாயிலிருந்து வர வேண்டும்.

விடையின் வகைகள் எட்டு. சுட்டு, மறை, நேர் என்ற மூன்றும் நேரடி விடைகள். ஏவல், வினா எதிர் வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி என்ற ஐந்தும் சுற்றி வருபவை. இந்த இலக்கணம் தேர்வுக்கு மட்டும் உரியதன்று. ‘கடலில் எவ்வளவு எண்ணெய் கலந்தது?’ என்ற கேள்விக்கு ‘துப்புரவுப் பணி முழுவீச்சில் நடக்கிறது’ என்று விடை வந்தால் அது இனமொழி. கேட்டதற்கு இனமான வேறொன்றைச் சொல்கிறது. ‘ஏன் கேட்கிறீர்கள்?’ என்றால் அது வினா எதிர் வினாதல். விடையின் வகையை இனங்காணத் தெரிந்தவர், ‘நான் கேட்டதற்கு இன்னும் விடை வரவில்லை’ என்று அமைதியாகச் சொல்ல முடியும்.

எடுத்துக்காட்டு 1: 2017 எண்ணெய்க் கசிவு

2017 சனவரி 28 அதிகாலையில் எண்ணூரில் உள்ள காமராசர் துறைமுகத்துக்கு அருகே ‘பி.டபிள்யூ. மேப்பிள்’, ‘டான் காஞ்சிபுரம்’ என்ற இரு கப்பல்கள் மோதிக்கொண்டன. எண்ணெய் மாசு போன்ற பாதிப்பு எதுவும் இல்லை என்றே முதலில் அறிவிக்கப்பட்டது. ஆனால் அடுத்தடுத்த நாள்களில் எர்ணாவூர், திருவொற்றியூர்க் கரைகளில் எண்ணெய் கருஞ்சேறாக ஒதுங்கியது. மீனவர்களும் தன்னார்வலர்களும் பணியாளர்களும் பக்கெட்டுகளில் அதை அள்ளினர்.

இங்கே கேட்க வேண்டிய முதல் கேள்வி: ‘பாதிப்பு இல்லை’ என்பது பார்த்துச் சொன்னதா, பார்க்காமல் சொன்னதா? ‘இல்லை’ என்பதும் ‘இதுவரை தென்படவில்லை’ என்பதும் ஒன்றல்ல. சான்று இல்லாமை, இல்லாமைக்குச் சான்று ஆகாது.

இரண்டாம் கேள்வி எதிர்த் திசையில் செல்வது. கரையில் அள்ளிய சேறு முழுவதும் எண்ணெய்தானா? கனமான எண்ணெய் அலையில் கடைபட்டுக் கடல்நீரோடு கலந்து குழம்பாகும்போது அதன் பருமன் பல மடங்கு பெருகும், மணலும் சேரும். ஆகவே அள்ளிய சேற்றின் எடையைக் கசிந்த எண்ணெயின் எடையாகக் கொள்வது தவறு. கசிவைக் குறைத்துச் சொன்னவர்களைக் கேள்வி கேட்பவர், தம் பக்கத்துக் கணக்கையும் அதே கண்டிப்புடன் சோதிக்க வேண்டும். தமக்குப் பிடித்த முடிவையும் கேள்விக்கு உட்படுத்துவதே வெறும் எதிர்ப்புக்கும் திறனாய்வுக்கும் உள்ள வேறுபாடு.

எடுத்துக்காட்டு 2: காணாமற்போன கழிமுகம்

எண்ணூரில் கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் கழிமுகம் மீன், இறால், நண்டு வளம் உடையது; வெள்ளநீர் வடியும் வழியும் அதுவே. 1996இல் நடுவண் அரசு ஒப்புதல் அளித்த கடற்கரை மேலாண்மை வரைபடத்தில் இக்கழிமுகம் பாதுகாக்க வேண்டிய பகுதியாகக் காட்டப்பட்டுள்ளது. பின்னர் மாநில அலுவலகத்திலிருந்து தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ்க் கிடைத்த வேறொரு வரைபடத்தில் 6,000 ஏக்கருக்கும் மேற்பட்ட அந்த நீர்ப்பரப்பே காணப்படவில்லை. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்த மீனவர்களும் சூழலியல் ஆர்வலர்களும் கேட்டது எளிய ஐய வினா: ஒப்புதல் பெற்றது எது? 1996 வரைபடமே ஒப்புதல் பெற்றது என்பது அடுத்த மனுவுக்குக் கிடைத்த விடையால் தெளிவானது. கழிமுகத்தில் வலை வீசுபவர்களுக்கு இது தாளில் இருக்கும் கோடு பற்றிய சண்டை அல்ல, பிழைப்பு பற்றியது.

தகவல் உரிமைச் சட்டம் 2005இல் வந்தது. பொதுவாக 30 நாள்களுக்குள் விடை தர வேண்டும். ஆனால் அலுவலகத்தில் பதிவாக உள்ள தகவலைத்தான் அதன்வழி கேட்டுப் பெற முடியும். ‘ஏன் இப்படிச் செய்தீர்கள்?’ என்று கேட்டால் அது தகவல் அன்று எனத் தள்ளப்படலாம். ‘இந்த முடிவை எடுத்த கோப்பின் நகலைத் தருக’ என்று கேட்டால் தள்ளுவது கடினம்.

வகுப்பறையில் ஓர் உரையாடல்

2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் பெரியகுப்பம் அருகே ஓர் உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. மக்கள் மூச்சுத்திணறலோடு வீடுகளை விட்டு வெளியேறினர். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். தொழிற்சாலை வாயிலருகே காற்றில் ஒரு கன மீட்டருக்கு 2,090 மைக்ரோகிராம் அம்மோனியா இருந்ததாக மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அறிவித்தது, வரம்பு 400. இந்த எண்களை வைத்து ஒரு வகுப்பில் எப்படி உரையாடலாம் என்பதற்குப் பின்வருவது கற்பனை மாதிரி.

மாணவி: வரம்பு 400, இருந்தது 2,090. அஞ்சு மடங்கு மிஸ்.

ஆசிரியை: 400ங்கிறது எவ்வளவு நேரத்துக்கான வரம்பு?

மாணவன்: 24 மணி நேரச் சராசரின்னு போட்டிருக்கு மிஸ்.

ஆசிரியை: 2,090?

மாணவன்: அது ராத்திரி ஒரு குறிப்பிட்ட நேரத்துல எடுத்தது.

ஆசிரியை: அப்போ ரெண்டையும் நேரா ஒப்பிடலாமா?

மாணவி: முடியாது மிஸ். ஆனா அதுக்காக ஆபத்து இல்லைன்னும் சொல்ல முடியாதே. கசிவு ஆரம்பிச்ச நேரத்துல எவ்வளவு இருந்துச்சு? குப்பத்துக்குள்ள அளந்தாங்களா?

ஆசிரியை: அதைத் தெரிஞ்சுக்க யார்கிட்ட, என்ன கேக்கணும்? எழுதுங்க.

இவ்வுரையாடலில் ஆசிரியை ஒரு முடிவையும் சொல்லவில்லை. எண், அலகு, நேரம், இடம் என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறார். மாணவி முதலில் சொன்னதைத் திருத்திக்கொள்கிறாள். ஆனால் கவலையை விட்டுவிடவில்லை, அதைக் கூர்மையான கேள்வியாக மாற்றுகிறாள்.

ஆசிரியர்களுக்குச் சில நடைமுறைகள்

• கேள்வி கேட்டபின் காத்திருத்தல். 1970களில் அமெரிக்கக் கல்வியாளர் மேரி பட் ரோ செய்த ஆய்வில், ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடி அளவே காத்திருப்பது தெரியவந்தது. அதை 3 நொடியாக்கியபோது மாணவர்களின் விடைகள் நீண்டன, பேசாதவர்களும் பேசினர்.

• ‘சரி’, ‘தப்பு’ என்று உடனே முடிக்காமல் ‘எப்படிச் சொல்கிறாய்?’ என்று கேட்டல். சரியான விடைக்கும் இக்கேள்வி வேண்டும்.

• மறுத்துப் பேசுவதற்கு முன், எதிர்த் தரப்பின் கருத்தை அவரே ஒப்பும்படி எடுத்துரைக்கச் சொல்லுதல்.

• வாரம் ஒரு முறை, விடைக்குப் பதிலாக நல்ல கேள்விக்கு மதிப்பெண் தருதல்.

• வாட்சப்பில் வரும் ஒரு செய்தியை எடுத்து, முதலில் யார் சொன்னது, எப்போது, படம் எங்கே எடுத்தது என்று குழுவாக விசாரித்தல்.

தடைகளும் எல்லைகளும்

நம் வீடுகளில் ‘பெரியவங்களை எதிர்த்துப் பேசாதே’ என்பது வழக்கமான அறிவுரை. கேள்வி கேட்பதே அவமதிப்பு என்று குழந்தைகள் புரிந்துகொள்கின்றனர். ஆனால் மரியாதைக்கும் வினாவுக்கும் பகை இல்லை. ‘ஐயா, இது எப்படித் தெரிஞ்சதுன்னு சொல்றீங்களா?’ என்பதில் பணிவும் உண்டு, ஆய்வும் உண்டு.

எல்லா வாதமும் நல்லதன்று. நியாய நூல் வாதத்தை மூன்றாகப் பிரிக்கும். உண்மையைக் காண முயல்வது வாதம். வெல்வதற்காகவே பேசுவது செற்பம். தனக்கென ஒரு கொள்கையும் இன்றிப் பிறர் சொல்வதைக் குலைப்பது மட்டுமே விதண்டை. இன்று பேச்சு வழக்கில் உள்ள ‘விதண்டாவாதம்’ இதிலிருந்து வந்தது. எந்தச் சான்று வந்தாலும் ஏற்கமாட்டேன் என்பவர் கேட்கும் கேள்வி, கேள்வியின் உருவில் வரும் பிடிவாதம். ‘எது கிடைத்தால் என் கருத்தை மாற்றிக்கொள்வேன்?’ என்று தன்னையே கேட்டுப் பார்ப்பது இதற்கு நல்ல மருந்து.

இன்னொரு எல்லையும் உண்டு. வாயு கசியும் நள்ளிரவில் விவாதம் நடத்த முடியாது. அப்போது ஓடத்தான் வேண்டும். எந்தப் பக்கம் ஓடுவது, காற்று எங்கிருந்து வீசுகிறது, எச்சரிக்கைச் சங்கு ஒலிக்குமா, முதியவர்களை யார் தூக்குவது என்ற கேள்விகளைப் பகலிலேயே கேட்டு விடை பெற்றிருக்க வேண்டும். ஆலைகளுக்கும் துறைமுகங்களுக்கும் பக்கத்தில் வாழும் மாணவர்களுக்குத் திறனாய்வுச் சிந்தனை அந்த அளவுக்கு அவசியமான திறன். அதைப் பழகச் செலவு எதுவும் இல்லை: கேட்க ஒருவர், பொறுமையாக விடைசொல்ல ஒருவர், விடையை எழுதிவைக்க ஒரு நோட்டு.